பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதவு

…பெயர்களுக்குப் பின்னால் ஏதோ அசைந்ததே, ஆமாம், அசையத்தான் செய்தது, வெள்ளை எழுத்துகள் கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று, ஒரு பலகை, பலகை எப்படித் திறக்கும், அது கதவு… பல் தேய்க்கிற பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் ஒரு முகம் வாயெல்லாம் நுரையோடு அவளை முறைத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தது என்றால் அது வெறும் பெயர்ப் பகுதி இல்லையே, கதையின் கடைசிக் காட்சியல்லவா, அதைத்தானே நேற்று, நேரமாகிவிட்டது நேரமாகிவிட்டது என்று, என்றைக்கும் செய்கிற மாதிரி ஒரே தட்டில் தாண்டிவிட்டுச் செய்திக்குப் போனாள்? கூடத்தில் அத்தை நேற்று ராத்திரி ஆரம்பித்த பாட்டை இன்னும் நிறுத்தவில்லை. "படத்துல அவ அவ்வளவு தூரம் வந்து மணியை அடிச்சா, அப்படியே நிப்பாட்டிட்டானுங்க. அவன் கதவைத் தொறந்தானா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முடிவே இல்லாம முடிச்சா அது என்ன கதை?" முடிவு இருந்தது அத்தை, நன்றாகவே இருந்தது, அது என் கையில்தான் இருந்தது, நான்தான் அதை வேண்டாத துணி மாதிரி ஒதுக்கிப் போட்டுவிட்டேன்… குழாயைத் திறந்துவிட்டு, கொப்பளிக்க மறந்து, ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வேலை அப்படி. தொலைக்காட்சி நிலையத்தில், வரிசையாகத் திரைகள் அடுக்கிய ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, எது எப்போது வீடுகளுக்குப் போக வேண்டுமோ அதை அப்போது அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். படத்தை எடுப்பவர்கள் வேறு, வெட்டி ஒட்டுபவர்கள் வேறு, இவள் அனுப்புகிறவள். ஒவ்வொரு படமும் விளம்பர இடைவேளைக்குத் தகுந்தபடி துண்டு துண்டாக வரும், கடைசித் துண்டுக்கு அந்த அறையில் வால் என்று பெயர். வாலில் என்ன இருக்கும், நடித்தவர் பெயர், விளக்குப் பிடித்தவர் பெயர், சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர். விளையாட்டுப் பந்தயமோ பேட்டியோ இழுத்துக்கொண்டு போய் நேரம் பிந்தினால் முதலில் வாலைத்தான் நறுக்குவார்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், வால் போகவில்லையே என்று இந்த உலகத்தில் ஒரு ஆத்மாவும் கேட்டதில்லை. நேற்றும் பந்தயம் இழுத்தது. ஒன்பது மணிச் செய்தி ஒன்பது மணிக்குப் போகாவிட்டால் கூரையே இடிந்து விழும். நாயகி மணியை அடித்தாள், மெத்தை விளம்பரம் வந்தது, அடுத்து வால், அதைத் தாண்டிச் செய்தி. கை தானாகச் செய்த வேலை, மூளையைக் கேட்கவே இல்லை. ஆனால் இந்த இயக்குநருக்கு யார் சொன்னார்கள், கடைசிக் காட்சியின் மேலேயே பெயர்களை ஓடவிடச் சொல்லி? முந்தின நாள் அவளே அந்த வாலைச் சரிபார்த்திருக்கிறாள், சத்தத்தை நிறுத்திவிட்டு, வேகமாக ஓட்டி, எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். கண் எழுத்தில்தான் இருந்தது. எழுத்துக்குப் பின்னால் இரண்டு பேருடைய வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போனை எடுத்தால் அதில் ஒரு செய்தி உட்கார்ந்திருக்கிறது. பத்தரைக்கு நிகழ்ச்சித் தலைவரைப் பார்க்கவும். ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது. அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே காலையில் கூப்பிடுகிறார்கள் என்றால்… தலைவருக்கு அலுவலகத்தில் புயல் என்று பெயர், வருவதற்கு முன்பே கதவு அடிபடுகிற சத்தம் வரும், போன பிறகு யாராவது ஒருவர் சாய்ந்து கிடப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை இரங்கல் நிகழ்ச்சிக்கு நடுவில் குளிர்பான விளம்பரத்தை விட்டுவிட்டார், ஆட்டமும் பாட்டமுமாக, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மனிதர் முதுகுவலிக்காக வாங்கி வைத்திருந்த திண்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். அந்தத் திண்டில்தான் இப்போது இவள் சாய்ந்துகொள்கிறாள். நாளைக்கு அதில் யாரோ? விளம்பரத்துக்கே வீடு என்றால் ஒரு கதையின் முடிவையே விழுங்கியதற்கு என்ன? இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காதா என்றால் கிடைக்கும்தான், ஆனால் அந்த நாற்காலி… கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, நேர்முகத்துக்குப் போய், அவளே தேடிக்கொண்ட நாற்காலி. அங்கே உட்கார்ந்தால்தான் அவளுக்கு முதுகு நிமிர்கிறது. அதைச் சொன்னால் யாருக்குப் புரியும், வீட்டுக்காரருக்குப் புரியுமா, அவரிடம் எதையாவது சொல்லித்தான் எவ்வளவு நாளாகிறது.

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டு, வழக்கம்போல வாயைத் திறக்காமல். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை, நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் மோதிவிடாமல் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்தாலும் காலை எடுக்க மாட்டார். இவள் வேலை முடிந்து வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறி வருவாள், நேற்று மூன்றாவது மாடியில் விளக்கு வேறு எரியவில்லை, இருட்டில் நின்று பையைக் குடைந்து போனைத் தேடி… இப்படியே போகிறது. காலையில் அவர் கிளம்புகிற அவசரம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிற சீட்டுதான் அவர்கள் பேச்சு, பால் வாங்கவும், அத்தைக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, சாவி பக்கத்து வீட்டில். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "தொறந்திருப்பான்மா." அத்தை விடவில்லை, "எங்க தொறந்தான்? அடுத்த நிமிஷமே மெத்தையில ரெண்டு பேர் படுத்திருந்தாங்களே, அது அவங்கதானா?" என்றாள். "அது விளம்பரம்மா. நீ கேளு, அவன் உள்ளதான் நின்னுட்டு இருந்திருப்பான், கதவுக்குப் பின்னாலயே. லிப்ட் ஓடலல்ல, அவ படியேறி வர்ற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். ஒவ்வொரு மாடியா கேக்கும்ல. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும் அவனுக்கு." இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதே இல்லை. அப்புறம் இவள் பக்கம் திரும்பி, "நீ பாத்திருப்பியே, முடிவு வேற எதாவது இருந்துச்சா?" என்றார். அந்தக் கேள்வியில் ஒரு பிள்ளை கேட்கிற ஆசை இருந்தது. "நான் கதையெல்லாம் பாக்கறதில்லீங்க. அனுப்புறதோட சரி." பொய் இல்லை, கஷ்டகாலம், அதுதான் உண்மை. "ஓ," என்று மறுபடி ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. புயலிடம் என்ன சொல்வது, நேரம் பிந்திவிட்டது சார், துண்டின் மேல் பெயர்கள் என்றுதான் எழுதியிருந்தது சார், எல்லோரும் செய்கிறதுதான் சார்… எல்லோரும் செய்கிறதுதான் என்று சொன்னால் எல்லோரையும் மாட்டிவிட்ட மாதிரி ஆகும், வேண்டாம். மன்னிச்சிடுங்க சார் என்று மட்டும் சொல்லலாமா? முன் இருக்கையில் சீருடையோடு இரண்டு நர்ஸுகள், ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், அந்தப் பாட்டு டீச்சருக்குச் சூடு சொரணை வேண்டாமா, ஏழு வருஷம் ஒரு போன் இல்லை, அந்த லிப்ட் மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்று மணியடிக்கிறாளே என்று. காது விறைத்தது. நேற்றைய படமேதான். மற்றவள், "அவ போனது அவனுக்காக இல்லடி, அவளுக்காக. அடிச்சுப் பாத்துட்டேன்னு ஒரு நிம்மதி வேணும்ல?" என்றாள், சொல்லிவிட்டு ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் வழுக்கைத் தலையர் ஒருவர், நேரே பேசத் தயங்கி, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டுக் கடைசியில் தாங்காமல் உள்ளே புகுந்தார். "இயக்குநரோட துணிச்சலைப் பாருங்க. முடிவைக் கொண்டுவந்து நம்ம கையிலயே குடுத்துட்டாங்க. இங்க யாருக்கு அந்தத் தைரியம் வரும்?" துணிச்சலா, தைரியமா, ஐயா, பந்தயம் இழுத்துவிட்டது ஐயா… அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து கொஞ்சம் இறங்கினாற்போலவும் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. இது தவறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, குறையாகப் போனதை முழுசென்று எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே, "முதல்ல அந்த மணி வேலை செஞ்சுச்சாங்க? லிப்டே ஓடாத கட்டடம்!" என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது, கை ஆட்டிய நர்ஸ் உட்பட. தெரியாத மனிதர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரே கதவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள், இவள் மட்டும் பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலக வாசலில் தொலைபேசி அக்கா காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள், காது சிவந்திருந்தது. நேற்றிலிருந்து ஓயவில்லையாம், நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி அழைப்பு வந்ததில்லையாம். அக்காவுக்கு அலுப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது, இரண்டையும் கலந்து சொன்னாள். ஒரு புருஷன் பெண்டாட்டி பந்தயம் கட்டியிருக்கிறார்களாம், தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும், தீர்ப்புச் சொல்லுங்கள் என்று இரண்டு பேரும் மாறி மாறி போனைப் பிடுங்குகிறார்களாம். ஒருவர் அந்த லிப்ட் மெக்கானிக்கின் வீட்டு விலாசம் கேட்டாராம், நேரில் போய்த் திறக்கச் சொல்லப் போகிறாராம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதை என்றால் என்ன என்று பாடமே நடத்தினாராம். ஒரு பெண் ஒன்றுமே சொல்லாமல் நன்றி, நன்றி என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாளாம். நிலையத்தின் முதலாளியே காலையில் தலைவரைக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். கேட்கக் கேட்க இவளுக்கு மூச்சு சீரானது, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கேளு," என்று அக்கா சிரித்தாள், "ஒரு அம்மா, கதையைப் பத்திப் பேச்சே இல்ல. எம் பொண்ணு பேரு வரலையேங்குது." இவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தப் பொண்ணு?" "மேக்கப் போடுறவங்களுக்கு எடுபிடியாம். முதல் படமாம். கட்டடத்துல இருக்கறவங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கு. செய்திக்கு அப்புறம் பேரு வரும்னு நெனச்சு, பாவம், வானிலை அறிக்கை வரைக்கும் எல்லாரும் உக்காந்திருந்தாங்களாம்!" அக்கா மறுபடி சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இவளால் சிரிக்க முடியவில்லை. ஊரே முடிவைக் கேட்கிறது, ஒரே ஒருத்திதான் உண்மையில் காணாமல் போனதைக் கேட்டிருக்கிறாள். நாற்காலிகளை இழுத்துப் போட்டு, யாருக்கோ மடியில் குழந்தை, மழை வருமா வராதா என்று திரையில் ஒருவன் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அம்மா எந்திரி, போதும் எந்திரி என்றிருப்பாள்… மணி பத்தரை ஆகிவிட்டது.

புயலின் அறையில் இயக்குநரும் இருந்தாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, தூங்காத கண், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். போச்சு, இருவருமா… புயல் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை, அதுவே பயமாக இருந்தது. "நேத்து சீட்ல நீங்கதானே?" ஆமா சார் என்ற குரல் யாருடையதோ. ஒத்திகை பார்த்த வார்த்தைகளையெல்லாம் நாக்கில் தேடினாள், மன்னிச்சிடுங்க என்பதன் முதல் எழுத்துக்கு உதடு சேர்ந்துவிட்டது, அதற்குள் புயல் முந்திக்கொண்டார். "இவங்களுக்கும் எனக்கும் எத்தனை மாசம் சண்டை தெரியுமா? கதவு தொறக்கக் கூடாதுன்னு இவங்க, தொறந்தே ஆகணும்னு நான். கடைசியில எனக்காகத் தொறந்து குடுத்தாங்க. ஆனா நேத்து கடைசி நேரத்துல எனக்கு மனசு கேக்கல. அதான் உங்களுக்குச் சொல்லி வாலை வெட்டச் சொன்னேன். கச்சிதமா வெட்டினீங்க." அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். எனக்கு எப்போது சொன்னீர்கள், எந்த வாயால் சொன்னீர்கள்… முதலாளி காலையில் கூப்பிட்டுப் பாராட்டினார் என்று அக்கா சொன்னாளே, ஊர் முழுக்கத் துணிச்சல் துணிச்சல் என்கிறதே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சொந்தக்காரர் தேவைப்படுகிறார், அவர்தான் இதோ உட்கார்ந்திருக்கிறார், காதோரம் வியர்வையோடு. இந்தப் பெண் உளறிவிடுவாளோ என்று அவருக்குப் பயம்! புயலுக்கு இவளிடம் பயம்! இயக்குநர் அவரையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள், "நான் எடுத்த முடிவு எனக்கே பிடிக்கல சார், உங்களுக்காகத்தான் எடுத்தேன், நீங்களே வேணாம்னு சொல்வீங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல," என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைக் கெடுப்பதற்கு இவள் யார்? "நீங்க சொன்னபடிதான் சார்," என்றாள். புயல் நாற்காலியில் சாய்ந்தார். அறையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

போகலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி போடுகிறோம், அதே மாதிரி போகட்டும், அந்த வாலை அழித்துவிடுங்கள். சரி சார், கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள், தலை தப்பிவிட்டது, இனி வாயைத் திறக்காமல் நேரே ஓடிவிட வேண்டியதுதான், மாடிப்படி, அங்கிருந்து குளிர்ந்த அறை, நாற்காலி, திண்டு… வானிலை அறிக்கை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்களாம். "சார், பேரு." "என்ன பேரு?" "அவங்க பேரெல்லாம் சார். வால்லதான் இருந்துச்சு. கதவு வேணாம்னா கறுப்புல பேரை மட்டும் ஓட்டலாமா? செய்திக்கு நேரம் இருக்கு ஞாயித்துக்கிழமை." புயலின் புருவம் நெரிந்தது, இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், தப்பித்து வெளியே வந்தவள் தானே திரும்பிப் போய் வலையில் விழுந்த கதையாக… "அதை யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று அவர் சொல்லும்போதே இயக்குநர் சிரித்துவிட்டாள். "சார், என் பேரும் அதுலதானே இருக்கு!" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்போதுதான் அவருடைய பெயர் எல்லோருக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஓட்டுங்க, ஓட்டுங்க. மெதுவாவே ஓட்டுங்க."

படிக்கட்டில் இறங்கும்போது பாதியில் ஓரமாக நின்றாள். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, வந்துவிட்டது, ஆனால் வந்தது கொஞ்சம் அதிகமாகவே வந்த மாதிரி இருந்தது, நெஞ்சு கொள்ளவில்லை, யாராவது எதிரில் வந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். ஒரு சண்டை முடிந்தது, ஒருத்திக்கு அவள் கேட்ட முடிவு கிடைத்தது, ஒருவருக்குச் செய்யாத காரியத்துக்குப் புகழ் கிடைத்தது, பேருந்தில் ஊரே பேசிக்கொண்டு போகிறது, எல்லாம் இவள் கை தவறுதலாகத் தட்டிய ஒரு தட்டால். இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். அவரிடம் சொல்லலாம். அவருக்குச் சிரிப்பு வருமா? கல்யாணமான புதிதில் அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும், சத்தமே வராது, கடைசியாக அதை எப்போது பார்த்தாள்… தொலைபேசி அக்காவிடம் போய், அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை பெயர் வரும், கண்டிப்பாக வரும் என்று சொல்லச் சொன்னாள். "உனக்கு என்ன, சொந்தமா அந்தப் பொண்ணு?" என்று அக்கா கேட்டாள். "ஆமா, சொந்தம்தான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அறையில் காலை ஷிப்ட்காரர் பக்கத்து இருக்கையைக் காட்டிவிட்டுத் தன் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் தனிக் கோப்பாகவும் வந்திருந்தன, கறுப்பில் வைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. முதல்முறையாக வேகத்தைக் கூட்டாமல் ஓடவிட்டாள். எத்தனை பேர்… ஒளி உதவி, ஆடை உதவி, தச்சர்கள், அந்தக் கதவைச் செய்தவரும் இதில்தானே இருப்பார். ஒப்பனை உதவி என்பதற்குக் கீழே அந்தப் பெண், மூன்றே எழுத்துப் பெயர், கண் இமைத்தால் போய்விடும், இதற்காகவா கட்டடமே கூடி உட்கார்ந்தது? இதற்காகத்தான். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள், யாருக்கும் தெரியாது, தெரிந்தால்தான் என்ன, புயலே மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறார். அது முடிந்ததும் வால் மட்டும் மிச்சம் இருந்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரமாக, பழுப்பு நிறத்தில், மூடிய கதவின் முதல் படம். அழிக்க ஒரு தட்டு, பார்க்க ஒரு தட்டு. காதுக்கருவி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை, நர்ஸுகள், வழுக்கைத் தலையர், பாத்திரம் தேய்க்கப் போகிற புருஷனோ பெண்டாட்டியோ, இவர்கள் எல்லோரும் எதைக் கேட்டுத் தவிக்கிறார்களோ அது இங்கே இவள் விரல் நுனியில் இருக்கிறது, விடிந்ததிலிருந்து இவள் ஒருத்திதான் அதைக் கேட்கவே இல்லை. யாருக்காவது தெரிந்துவிட்டதா, தெரிந்துவிட்டதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பயம் போனதும் ஆசை வந்துவிட்டது. திறந்து என்ன சொன்னான்? நாயகி சிரித்தாள் என்று ஒரு ஞாபகம், வேகமாக ஓடிய படத்தில் பல் தெரிந்த மாதிரி, அழுதாலும் பல் தெரியும்தானே… காதுக்கருவியை எடுத்தாள்.

போன் அதிர்ந்தது. அவர். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை, அத்தைக்கு ஏதாவதா என்று பதறி எடுத்தாள். பின்னால் கார் உறுமி அணைந்தது, கிளட்சை மெதுவா விடுங்க மேடம் என்று யாரிடமோ சொல்லிவிட்டுத்தான் இவளிடம் வந்தார். "ஒண்ணும் இல்ல. டீக்கடை டிவில சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தைத் திரும்பப் போடுறாங்களாமே, உனக்கு அன்னிக்கு லீவுதானே?" ஆமாம் என்றாள். "இல்ல, நீ கதையே பாக்கறதில்லன்னு சொன்னியே. சேந்து பாக்கலாமா? அம்மா சும்மா இருக்காது, மெத்தை மெத்தைன்னு பேசிட்டே இருக்கும், பரவால்ல." கை காதுக்கருவியைத் திரும்பக் கொக்கியில் மாட்டியது, எப்போது மாட்டியது என்று அவளுக்கே தெரியவில்லை. பாக்கலாங்க என்றாள். தெரிந்துகொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காரக் கூடாது, அவர் தொறந்திருப்பான் என்று சொல்லும்போது அவளும் தெரியாமல் கேட்க வேண்டும். அழிக்கிற பொத்தானைத் தட்டினாள். நிச்சயமாகவா என்று இயந்திரம் கேட்டது, ஆமாம் என்று இன்னொரு தட்டு, பழுப்புச் சதுரம் போய்விட்டது, மனசு லேசாகிவிட்டது, நல்லவேளை, நல்லவேளை… "வெச்சிடட்டுமா? ஆங், மூணாவது மாடி பல்பு மாத்தச் சொல்லியிருக்கேன், மாத்துறானோ என்னவோ. இன்னிக்கு வரும்போது பாத்து ஏறு. நேத்து அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்ட." கிளட்ச் மேடம், கிளட்ச், என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

நின்றது உண்மைதான். இருட்டில், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போனைத் தேடிக்கொண்டு. ஆனால் வீட்டுக்குள் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, போர்வைகூடக் கழுத்துவரை… ஒவ்வொரு மாடியா கேக்கும்ல என்று காலையில் சொன்னாரே, அதை நாலாவது மாடியில் படுத்துக்கொண்டு கேட்காத ஒருவருக்கு எப்படித் தெரியும்? வெறுங்காலோடு ஏறினால்கூடக் கேட்குமா? அப்படியானால் நேற்று மட்டுமா, போன வாரம், அதற்கு முன்னால், இத்தனை நாளும் அவர் அங்கே விழித்துக்கொண்டு, நான் எழுப்பக் கூடாது என்று இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு… காலை ஷிப்ட்காரர் ஏதோ கேட்டார், ம் என்றாள். திரையில் யாரோ இருவர் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், முதல்முறையாக அவர்கள் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்குப் படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதா, காலில் போட்டுக்கொண்டே ஏறுவதா?